வினிகருக்கு ஒரு விதி, திராவகத்துக்கு வேறு விதியா?

எங்கள் திருத்தணிக்காரர்களுக்கு 1888 மறக்காத ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இங்கே பிறந்தார். அப்போது இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதோடு போனது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையெல்லாம் நம் வாசகர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

அதே 1888-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் என்ற பேராசிரியர் ஒரு சின்னச் சூத்திரத்தை வெளியிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஆண்டு ஞாபகம் இருக்க வேண்டும் என்பதற்காக, "ராதாகிருஷ்ணன் பிறந்த வருஷம்டா" என்பேன். 1909-க்கும் இதே உத்திதான். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. அந்த வருஷம்தான் ஆஸ்வால்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் பி.எச். என்ற அளவை உண்டாக்கியதும் அதே வருஷம்தான். பரீட்சையில் ஒரு மார்க் கேள்விக்கு இது பலருக்கு உதவியது.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டையை அடைக்க வந்தவர்களில் 24 வயதுகூட நிரம்பாத ஒரு வங்காளி உண்டு. அவர் பெயர் இப்போதைய பிள்ளைகள் யாருக்கும் தெரிவதில்லை. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், கூட்டலும் பெருக்கலும்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் ஓட்டலில் "காபி ஸ்ட்ராங்கா போடுங்க" என்றால் டிகாஷனை அதிகம் விடச் சொல்கிறோம். அது செறிவு. ரசாயனத்தில் வீரியம் என்பது வேறு. ஓர் அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் அதன் மூலக்கூறுகளில் எத்தனை பங்கு உடைந்து அயனிகளாகப் பிரிகின்றன என்பதுதான் வீரியம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, அதாவது நம் பழைய பெயரில் உப்புத் திராவகத்தை, எவ்வளவு தண்ணீர் விட்டுக் கரைத்தாலும் அது வீரியம் மிக்க அமிலம்தான். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம், தயிரில் உள்ள லாக்டிக் அமிலம், புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் இவையெல்லாம் வீரியம் குறைந்தவை. எத்தனை கெட்டியாகப் புளியைக் கரைத்தாலும் வீரியம் கூடாது. (அமிலத்துக்கு எதிரானதைத் தமிழில் காரம் என்று வைத்தது இன்னொரு தொல்லை. "காரம் என்றால் மிளகாய்தானே சார்" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் கேட்பான். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் க்ஷாரம் என்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.)

தண்ணீரில் கரைந்ததும் உப்பும் அமிலமும் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்து ஸ்வீடன்காரரான அர்ரீனியஸ் சொன்னது. 1884-இல் அவர் உப்சாலாவில் கொடுத்த டாக்டர் பட்ட ஆய்வேட்டுக்குக் கிடைத்தது கடைநிலைத் தேர்ச்சிதான். அதில் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, ஊர் விட்டு ஊர் போய் அவரைப் பார்த்தவர் ஆஸ்வால்ட். மார்க் குறைவாகப் போட்ட ஆய்வேடு 1903-இல் நோபல் பரிசு வரை போனது. பேப்பர் திருத்தும் நாட்களில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு.

ஆஸ்வால்ட் செய்தது இதுதான். அமிலக் கரைசலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்தால், எத்தனை பங்கு அயனியாகப் பிரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். செறிவை, பிரிந்த பங்கின் வர்க்கத்தால் பெருக்கி, பிரியாமல் நிற்கும் பங்கால் வகுக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இந்த விடை மாறக்கூடாது என்பது அவர் விதி. நீர்த்தல் விதி என்று புத்தகத்தில் இருக்கும்.

அசிட்டிக் அமிலத்தில் போட்டுப் பாருங்கள். நாம் லேபில் டெசிநார்மல் என்று சொல்வோமே, அந்த 0.1 செறிவில் ஆயிரம் மூலக்கூறில் சுமார் 13 மட்டும் பிரிந்திருக்கும். பத்து மடங்கு தண்ணீர் விட்டால் 42 ஆகும். இன்னும் பத்து மடங்கு விட்டால் 125 ஆகும். தண்ணீர் கூடக் கூடப் பிரிவதும் கூடுகிறது. ஆனால் சூத்திரத்தில் போட்டால் மூன்று இடத்திலும் வருவது 0.000018-ஐ ஒட்டிய எண்தான். இதுதான் அந்த அமிலத்தின் மாறிலி. ஆளுக்கு ஆள் ரேகை மாதிரி அமிலத்துக்கு அமிலம் வேறுபடும்.

மாறிலி கையில் இருந்தால் பி.எச். கண்டுபிடிப்பது ஐந்து நிமிஷ வேலை. 0.000018-ஐ 0.1-ஆல் பெருக்கி வர்க்க மூலம் எடுத்தால் 0.00134. அதற்கு லாகரிதம் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் காலத்து ஆட்களுக்குக் கிளார்க் டேபிள் ஞாபகம் வரும். அட்டை கிழிந்து, அண்ணன் பெயரை அடித்துத் தம்பி பெயர் எழுதிய புத்தகம். 1.34-க்கு நேரே 0.1271 இருக்கும். முன்னால் 3 போட்டு அதன் தலையில் ஒரு கோடு. அதைப் "பார் மூன்று" என்று படிப்போம். முழு எண்ணுக்கு மட்டும் கழித்தல், புள்ளிக்குப் பின்னால் கூட்டல். இந்தப் பார் புரியாமல் பி.யு.சி.யில் தேறாமல் போனவர்கள் எங்கள் செட்டில் உண்டு. மூன்றிலிருந்து 0.13-ஐக் கழித்தால் 2.87. டெசிநார்மல் அசிட்டிக் அமிலத்தின் பி.எச். அதுதான்.

அம்மோனியாவுக்கும் இதே கணக்குதான். தற்செயலாக அதன் மாறிலியும் 0.000018. அதனால் அதே 2.87 வரும், அதை 14-இலிருந்து கழித்தால் 11.13. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்தத் தற்செயல் மிகவும் பிடிக்கும்.

மிகவும் நீர்த்த கரைசல்களில் மட்டும் இந்தக் குறுக்கு வழி கொஞ்சம் வழுக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவில் வர்க்க மூலம் எடுத்தால் 3.87 வரும். பிரிந்துபோன பங்கையும் கழித்து இருபடிச் சமன்பாடாகப் போட்டால் 3.90 வரும். இது விதியின் குற்றமில்லை, நம் அவசரம்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. இதே சூத்திரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் போட்டால் என்ன வரும்? மின்கடத்துத்திறன் அளவுகள் எல்லாப் பௌதிக ரசாயனப் புத்தகத்திலும் இருக்கின்றன. பேத்தியின் கால்குலேட்டரை வாங்கி நானே போட்டுப் பார்த்தேன். 0.1 செறிவில் மாறிலி 1.03. பத்து மடங்கு நீர்த்தால் 0.28. இன்னும் பத்து மடங்கு நீர்த்தால் 0.09. மாறிலி என்று பெயர் வைத்த ஒன்று பன்னிரண்டில் ஒரு பங்காக இளைத்துவிட்டது. சமையல் உப்பும் அப்படித்தான், பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். வினிகருக்குப் பொருந்தும் விதி திராவகத்துக்குப் பொருந்தவில்லை. முப்பது வருஷம் ஐரோப்பாவின் பெரிய பெரிய ரசாயனிகள் இதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இதற்கு "வீரிய மின்பகுளிகளின் முரண்பாடு" என்றே பெயர்.

இனி கல்கத்தாவுக்கு வருவோம். ஞான சந்திர கோஷ் 1894-இல் பிறந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆச்சாரியா பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். அவருடைய செட்டைப் பாருங்கள்: சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா, கூழ்மங்களில் பெயர் பெற்ற ஞானேந்திரநாத் முகர்ஜி. ஒரே வகுப்பறையில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு எப்படித்தான் பாடம் நடத்தினார்களோ! படித்து முடித்ததும் அஷுதோஷ் முகர்ஜி புதிதாகத் தொடங்கியிருந்த அறிவியல் கல்லூரியில் இவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது. 1918-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டன் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் கோஷின் கட்டுரைகள் வெளிவந்தன.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. உப்பும் வீரிய அமிலமும் தண்ணீரில் எத்தனை பங்கு பிரிகின்றன என்று ஏன் கேட்க வேண்டும்? முழுவதும் பிரிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டால் என்ன? 1913-இல் பிராக் தந்தையும் மகனும் உப்புக் கல்லை எக்ஸ்ரேயில் பார்த்து, அதற்குள் மூலக்கூறு என்று தனியாக ஒன்றும் இல்லை, சோடியம் அயனியும் குளோரின் அயனியும் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன என்று காட்டியிருந்தார்கள். கல்லிலேயே அயனியாக நிற்பது தண்ணீரில் போய் மூலக்கூறாகவா மாறும்? இப்படி நினைத்தவர் இவர் ஒருவரே இல்லை. டென்மார்க்கின் பெரம் 1909-லேயே முழுப் பிரிகை என்று சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் மில்னர் 1912-இல் கடினமான கணிதத்தோடு இறங்கியிருந்தார். கையில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சூத்திரமாகக் கொண்டுவந்தது கோஷ்.

முழுவதும் பிரிந்திருந்தால் மின்கடத்துத்திறன் ஏன் குறைகிறது? தண்ணீரிலும் அயனிகள் உப்புக் கல்லில் இருப்பதுபோல் வரிசை கட்டியே நிற்கின்றன, இடைவெளி மட்டும் அதிகம் என்றார் கோஷ். எதிர் மின்சுமை உள்ள பக்கத்து ஆள் இழுத்துப் பிடிக்கிறான். அந்தப் பிடியை மீறும் அளவுக்கு வேகம் உள்ள அயனிதான் மின்சாரத்தைச் சுமந்துபோகும். எத்தனை பேருக்கு அந்த வேகம் இருக்கும் என்பதற்கு மாக்ஸ்வெல் கணக்கு ஏற்கெனவே இருந்தது. சேர்த்துப் போட்டால், குறைவு செறிவின் கன மூலத்தைப் பொறுத்து அமைகிறது. அளவுகளோடு ஒப்பிட்டால் நன்றாகவே பொருந்தியது. ஐரோப்பாவில் நெர்ன்ஸ்ட் போன்ற பெரியவர்கள் கவனித்தார்கள். 1919-இல் கோஷ் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டோனனிடம் போய்ச் சேர்ந்தார்.

ஐந்தே வருஷம். 1923-இல் சூரிச்சில் டிபையும் ஹக்கலும் தங்கள் கொள்கையை வெளியிட்டார்கள். அயனிகள் முழுவதும் பிரிந்திருக்கின்றன என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வரிசையைத்தான் மறுத்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஆடிக் கிருத்திகையைவிட நல்ல உதாரணம் கிடையாது. கோஷ் சொன்ன கரைசல் போலீஸ் அணிவகுப்பு மாதிரி. ஒவ்வொருவருக்கும் இடம் குறித்திருக்கும். டிபை சொன்ன கரைசல் மலையேறும் காவடிக் கூட்டம். யாருக்கும் நிலையான இடம் இல்லை, எல்லோரும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் காவடி எடுத்தவரைச் சுற்றி எப்போது பார்த்தாலும் அவர் வீட்டு ஆட்கள்தான் அதிகம் இருப்பார்கள். அவர் வேகமாகப் படியேறப் பார்த்தால் "மெல்லப் போங்க" என்று பின்னால் இழுப்பதும் அவர்கள்தான். அயனியைச் சுற்றி எதிர் அயனிகள் அப்படி ஒரு மேகமாகச் சூழ்ந்திருக்கின்றன. இதைக் கணக்காக்கினால் குறைவு செறிவின் வர்க்க மூலத்தைப் பொறுத்து வருகிறது. நீர்த்த கரைசல்களை அளந்த கோல்ராஷ் வெகு காலம் முன்பே கண்டதும் வர்க்க மூலம்தான்.

கன மூலமா, வர்க்க மூலமா என்பதை நாமே சரிபார்க்கலாம். மேலே சொன்ன ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், கடத்துத்திறன் முழு அளவிலிருந்து குறைவது 0.1 செறிவில் 8.2 சதவீதம், 0.01-இல் 3.3, 0.001-இல் 1.1. பத்து மடங்கு நீர்த்தால் இந்தக் குறைவு கோஷ் கணக்குப்படி 2.15 மடங்கு இறங்க வேண்டும், டிபை கணக்குப்படி 3.16 மடங்கு. முதல் படியில் 8.2-க்கும் 3.3-க்கும் உள்ள விகிதம் சுமார் 2.5. அதாவது கோஷ் பக்கமே சாய்கிறது. அடுத்த படியில் ஏறத்தாழ 3. டிபை பக்கம் போய்விட்டது. நாம் வழக்கமாக லேபில் கையாளும் செறிவுகளில் கோஷின் சூத்திரம் ஏன் பொருந்தியது, தண்ணீர் கூடினால் ஏன் கைவிட்டது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது. மிக நீர்த்த கரைசலில்தான் கொள்கைக்கு உண்மையான சோதனை. அங்கே அவர் தோற்றார்.

பிறகு ஆன்சாகர் வந்து டிபை கணக்கை இன்னும் திருத்தினார். நான் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த 1968-இல் ஆன்சாகருக்கு நோபல் பரிசு கிடைத்தது; அது வேறு ஒரு வேலைக்காக. எங்கள் பேராசிரியர் அந்த வாரமே டிபை-ஹக்கல்-ஆன்சாகர் சமன்பாட்டை நோட்ஸ் எழுதவைத்தார். அதற்கு முன்னால் ஒரு பக்கம் கோஷ் கொள்கைக்கு ஒதுக்கினார். "தவறான கொள்கையை எதற்கு சார் படிக்கணும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். "தவறு எங்கே என்று நீ சொல்லு, அப்புறம் படிக்க வேண்டாம்" என்றார் அவர். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது பேத்தி படிக்கும் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ஆஸ்வால்ட் இருக்கிறார், டிபை இருக்கிறார், ஆன்சாகர் இருக்கிறார். நடுவில் கோஷ் இல்லை.

தோற்ற கொள்கைகளையெல்லாம் பாடத்தில் வைத்தால் புத்தகத்தைத் தூக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அர்ரீனியஸ் சொன்ன பகுதிப் பிரிகை வீரிய மின்பகுளிகளுக்குத் தவறு என்று ஆன பிறகும் அவரை வைத்திருக்கிறோமே? கோஷ் விஷயத்தில் வரிசைதான் தவறு, முழுப் பிரிகை சரி. அந்தச் சரியான பாதிக்காகவாவது அரைப் பக்கம் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கோஷ் இதில் முடங்கிப்போகவில்லை. 1921-இல் புதிதாகத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். போஸும் அதே வருஷம் அங்கே பௌதிகத்துக்குப் போனார். (அந்த 1921-இல்தான் நம் ராதாகிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் தத்துவப் பேராசிரியராகப் போனார். ஒருவர் கிளம்ப, ஒருவர் வந்து சேர்ந்தார்.) 1939-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தார். போர்க்காலத்தில் விமானப் பொறியியல் படிப்பு அங்கே தொடங்கியது அவர் காலத்தில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. வந்தபோது அதன் முதல் இயக்குநர் அவர். வெள்ளைக்காரன் கைதிகளை அடைத்துவைத்த ஹிஜ்லி முகாம் கட்டடத்தில் வகுப்பு நடந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக் குழு உறுப்பினர் என்று பதவிகள் தொடர்ந்தன. 1959-இல் காலமானார்.

1948-இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் நம் லட்சுமணசாமி முதலியாரோடு மேகநாத் சாஹாவும் உறுப்பினர். கோஷின் வகுப்புத் தோழரும் நம் ஊர்க்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இந்த நாட்டுப் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள்.

வினிகருக்கே திரும்பி வருகிறேன். வீரியம் குறைந்த அமிலங்களில் ஆஸ்வால்ட் விதி தப்பித்ததற்குக் காரணம், அவற்றில் அயனிகளே மிகக் குறைவு என்பதுதான். ஒன்றை ஒன்று இழுக்கும் தூரத்தில் அவை இல்லை. நாமாக வேறு உப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் அங்கேயும் கூட்டம் சேர்ந்துவிடும். டெசிநார்மல் அசிட்டிக் அமிலத்தில் அதே 0.1 செறிவு வரும்படி சமையல் உப்பைக் கரைத்தால், அதன் மாறிலி 0.000018-இலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஏறுகிறது. உப்பில் அமிலமே இல்லை. ஆனாலும் வினிகர் முன்பைவிட அதிகம் பிரிகிறது. பிரிந்த அயனிகளைச் சுற்றி மேகம் சூழ்ந்துகொள்வதால் அவை மறுபடி சேர்வது கடினமாகிறது. ஊறுகாய் ஜாடிக்குள் உப்பு இதைவிடப் பல மடங்கு. அந்த அளவுக்கு டிபையின் எளிய சூத்திரமும் செல்லாது. அதற்குப் பின்னால் வந்தவர்களின் கணக்கு வேண்டும். அதைத் தயிரின் புளிப்போடு சேர்த்து இன்னொரு நாள் எழுதுகிறேன்.